மதிப்பீட்டு நாளுக்கு முன்னே

எம்பிலிப்பிட்டியவில் அலுவலகமொன்றில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் வாடிய முகத்துடன் நம் இல்லம் வந்தார். "வருடாந்தச் செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவத்தை நாளை மறுதினம் கொடுக்க வேண்டும், சேர். ஓராண்டில் என்ன செய்தேன் என்று எழுத உட்கார்ந்தால், போன மாதத்துக்கு அப்பால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை" என்றார்.

இஃது அவர் ஒருவரின் குறையன்று. மதிப்பிடும் மேலதிகாரியின் மனமும் அத்தகையதே. அண்மையில் நிகழ்ந்தது பெரிதாகத் தோன்றும். பத்து மாதங்களுக்கு முன் பட்ட பாடு மங்கிவிடும்.

இதனைச் சிறு காரியமெனக் கருதலாகாது. இந்தியாவின் எல்லை வீதிப் பொறியியற் சேவையிலிருந்த பொறியியலாளர் ஒருவருக்கு 1993-94ஆம் ஆண்டறிக்கையில் 'நன்று' என்று எழுதப்பட்டது. பதவி உயர்வுக்கோ 'மிக நன்று' வேண்டியிருந்தது. அப்பதிவு அவருக்கு அறிவிக்கப்படவேயில்லை, உயர்வு கைநழுவிற்று. பதிவு எதுவாயினும் ஊழியருக்கு அறிவித்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்! பாராட்டுப்போல் தோன்றும் ஒரு சொல்லே ஒருவரின் வழியை மறித்துவிட்டதன்றோ?

ஆதலால் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் நமக்கு வகுக்கப்பட்ட இலக்குகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, மாதந்தோறும் முடித்தவற்றைத் தொகையுடனும் தேதியுடனும் பதிதல் வேண்டும். 'நன்றாக உழைத்தேன்' என்பது வெறுஞ்சொல். 'தேங்கிக் கிடந்த இத்தனை கோப்புகளை இன்ன மாதத்தில் முடித்தேன்' என்பது சான்று. தவறு நேர்ந்திருப்பின் மறையாது, அதனைத் திருத்திய விதத்தையும் சேர்த்துக் கூறலே நன்று. மேலதிகாரி குறை கூறினால் சினவாது, எங்கே எப்போது எனப் பணிவுடன் கேட்டறிதல் வேண்டும். கையொப்பமிடுமுன் படிவம் முழுவதையும் வாசித்தலும், நகலொன்றைக் கேட்டு வைத்திருத்தலும் மறக்கலாகாதன.

"இரண்டு நாளில் என்ன செய்வேன், சேர்?" என்றார் மாணவர். கடித நகல்களையும் நாட்குறிப்பையும் மாதவாரியாகப் புரட்டுமாறு கூறினோம். பின்னர், இறக்குவானைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அவர் தாயாரை நினைவூட்டினோம். "தம்பி, அன்றன்று நிறுத்த கொழுந்தின் அளவை அம்மா மனத்திற் குறித்துவைத்து, சம்பளத் துண்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார் என்று நீர்தாமே முன்பு சொன்னீர்?"

அவர் தலைகுனிந்து புன்னகைத்தார். "அம்மாவுக்கு எழுதத் தெரியாது, சேர். ஆனாலும் ஒரு கிலோவையும் விட்டுக்கொடுத்ததில்லை" என்றார்.

எழுதத் தெரிந்த நாம் எழுதாதிருத்தல் தகுமோ?