குவாண்டம் கம்ப்யூட்டர் வருகிறதாமே, அவசரப்பட்டு வாங்கிவிட்டேனா?

சென்ற விடுமுறைக்குக் கட்டுமாவடி போயிருந்தேன். மீன் வியாபாரக் கணக்கு எழுத, என் சித்தப்பா கடன் வாங்கிப் புதிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தார். போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்ப்பா, குவாண்டம் கம்ப்யூட்டர் வருதாமே? நான் அவசரப்பட்டுட்டேனோ?" உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம்.

அவருடைய எக்ஸெல் பைலைத் திறந்தேன். "இதை நூறு தடவை திறந்து பார்த்தா கணக்கு மாறுமா?" என்றேன். "அதெப்படி மாறும்?" என்றார். உண்மைதான். நம் கம்ப்யூட்டரில் ஒரு பிட் என்பது 0 அல்லது 1. எத்தனை முறை படித்தாலும் அது அப்படியே இருக்கும்.

குவாண்டம் கம்ப்யூட்டரின் க்யூபிட் அப்படியல்ல. அது 0, 1 இரண்டும் கலந்த நிலையில் இருக்க முடியும். ஆனால் அளந்தால் 0 அல்லது 1 என ஒரே விடைதான் கிடைக்கும். பழைய கலப்பு நிலை போய்விடும், 'அன்டூ' கிடையாது. எனவே அதே கணக்கை ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, 0 எத்தனை, 1 எத்தனை என்று எண்ணுகிறார்கள்.

எப்படி அளக்கிறார்கள்?

மீன் பெட்டி ஐஸ் 0 டிகிரி. சூப்பர் கண்டக்டர் க்யூபிட் சிப்பை ஏறத்தாழ மைனஸ் 273 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அப்போது அதிலுள்ள மெல்லிய அலுமினியப் பாதைகளில் மின்தடை இருக்காது. க்யூபிட்டை அடுத்து ரெசனேட்டர் என்னும் சிறு மின்சுற்று உள்ளது. குடத்தைத் தட்டி, ஓசையை வைத்துத் தண்ணீர் இருக்கிறதா என்று அறிவோம் அல்லவா? அதுபோல ரெசனேட்டருக்கு மைக்ரோவேவ் அலையை அனுப்பி, திரும்பும் அலையின் மாற்றத்தைக் கொண்டு 0-வா, 1-ஆ என்று அறிகிறார்கள்.

இந்தச் சிக்னல் மிகமிக மெல்லியது. 2011-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆர்.விஜய் உள்ளிட்ட மூவர், தனிவகை ஆம்ப்ளிபையர் மூலம் க்யூபிட் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை அது நிகழும்போதே கண்டனர். பின்னர் விஜய் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனமும் டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகமும் இணைந்து 6 க்யூபிட் பிராசசரைச் சோதித்து முடித்ததாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. க்யூபிட்களை உருவாக்கியது மும்பை. அளக்கும் கருவிகளை அமைத்தது புனே.

அளந்து கிடைத்த 0, 1 விடைகளைச் சேமித்து எண்ணுவது எது தெரியுமா? சாதாரண கம்ப்யூட்டர்தான்! மீன் கணக்குக்குக் குவாண்டம் தேவையில்லை. "அப்ப கடன் வீண் இல்லை" என்று நிம்மதியானார் சித்தப்பா.

ஒன்று மட்டும் சொன்னேன். பைலைப் பார்ப்பதால் அழியாது. ஹார்ட் டிஸ்க் கெட்டால் அழியும். வாரம் ஒருமுறை பேக்கப் எடுங்கள்.