வலி என்னும் வரமும் மறுவாழ்வு என்னும் கடமையும்

ஜனவரித் திங்களின் இறுதி ஞாயிறு உலகத் தொழுநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. ரவுல் ஃபொலரோ என்னும் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்கப் பொதுநிலையினர் 1954 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கி வைத்தார். நம் நாட்டிலோ காந்தியடிகள் உயிர்நீத்த ஜனவரி 30 ஆம் நாளை இதற்குரிய நாளாகக் கொள்கிறோம். அந்நாள்களில் நம் ஆலயங்களில் நோயுற்றோருக்காக மன்றாடுகிறோம். காணிக்கை திரட்டி மருத்துவ இல்லங்களுக்கு அனுப்புகிறோம். இவை நல்லவையே. ஆயினும் மன்றாட்டுக்கும் காணிக்கைக்கும் அப்பால் நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது ஒன்று உண்டு. நோய் நீங்கியவரை வீட்டினுள்ளும் ஊரினுள்ளும் மீண்டும் ஏற்று வாழவைப்பதே அது. மறுவாழ்வு என மருத்துவர்கள் அழைக்கும் இக்கலை நம் தமிழ் மண்ணிலேயே, வேலூரிலும் அதனை அடுத்த கரிகிரியிலும், எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அது நம் குடும்பங்களுக்குப் புகட்டும் பாடத்தையும் ஈண்டுச் சிந்திப்போம்.

வலியின்மையே துன்பம்

மொலக்காய் தீவில் தொழுநோயாளரிடையே 1873 இல் பணியேற்ற புனித தமியான் அடிகளார், 1884 இன் இறுதியில் ஒரு நாள், கொதிநீர் பட்டுத் தம் கால் வெந்தும் வலி தோன்றாததைக் கண்டார். நோய் தம்மையும் பற்றிவிட்டது என்பதை அவ்வலியின்மை அவருக்கு உறுதிப்படுத்திற்று. அவர் அத்தீவில் கால்வைத்த அதே 1873 இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். இது சாபமன்று, முன்னோர் பாவத்தின் தண்டனையுமன்று, கிருமியால் வரும் பிணியே என்பது தெளிவாயிற்று. எனினும் விரல்கள் ஏன் குறைகின்றன, பாதங்கள் ஏன் புண்ணாகின்றன என்னும் கேள்விக்கு மேலும் எழுபது ஆண்டுகள் கடந்தும் தக்க விடை கிடைக்கவில்லை. தசை தானே அழுகி உதிர்கிறது என்றே பலரும் எண்ணினர்.

விடை காண முற்பட்டவர் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர். கொல்லிமலையில் மறைப்பணி ஆற்றிய ஆங்கிலப் பெற்றோருக்கு 1914 இல் பிறந்த அவர், 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவரல்லர். ஆயினும் நம் ஆண்டவரின் அடிச்சுவட்டில் நடந்தவர். 1947 இல் அவர் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கி முடங்கிப்போன ஒருவருடைய கையைப் பற்றித் தம் கையை இறுகப் பிடிக்குமாறு கேட்டார். அப்பிடி அவருக்கே வலியுண்டாக்கும் அளவுக்கு வன்மையாய் இருந்தது. பயனற்றது என ஒதுக்கப்பட்ட கையில் நல்ல தசைகளும் உயிரோடு இருக்கின்றன என்பதை அவர் அப்போது உணர்ந்தார்.

அதன்பின் பல்லாண்டுகள் அவரும் அவருடைய உடன்பணியாளரும் மேற்கொண்ட ஆராய்ச்சி, பெரும்பாலும் பொறுமையோடு உற்றுநோக்கும் ஆராய்ச்சியே. ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவர் தம் வலிமையெல்லாம் கொண்டு திருப்பியும் அது திறக்கவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் வந்து எளிதில் திறந்துவிட்டான். பின்னர் அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியும் அளவுக்குச் சதை கிழிந்திருந்தது. அவனோ அதனை அறியவேயில்லை. இரவில் உறங்கும்போது சிலருடைய விரலின் ஒரு பகுதி காணாமற்போனது. காவலிருந்து பார்த்தபோது எலிகள் வந்து கடிப்பதும், உறங்குவோர் அதனை உணராதிருப்பதும் தெரியவந்தன. அதற்குப்பின் அங்கிருந்து வீடு திரும்பியோர் பூனையொன்றைத் துணையாகக் கொண்டு சென்றனர்.

இவ்வாறு ஒவ்வொரு காயத்தின் காரணத்தையும் தேடித்தேடிக் குறித்ததில் ஓர் உண்மை புலப்பட்டது. நோய் நரம்பைத் தாக்குகிறது, உணர்வு போகிறது, உணர்வு போனதால் சூடும் கூர்மையும் அழுத்தமும் தெரியாமல் மனிதர் தம் உறுப்பைத் தாமே அறியாது சிதைத்துக்கொள்கின்றனர். அழுகல் விதியன்று, காத்துக்கொண்டால் கை கையாகவே இருக்கும். நாம் வேண்டாமென்று வெறுக்கும் வலி, படைத்தவர் நம் உடலுக்கு வைத்த காவல் என்பதும் இதனால் விளங்குகிறது.

கத்திக்குப் பின் வரும் கைகள்

இந்நோயில் முழங்கை, கணுக்கால் போன்று தோலை ஒட்டி நரம்பு செல்லும் இடங்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. ஆகையால் கையின் சிறுதசைகள் செயலிழந்தாலும் முன்கையின் மேற்பகுதித் தசைகள் பல கெடாமல் இருக்கும். அவற்றுள் ஒன்றின் தசைநாணை எடுத்து விரல்களோடு இணைத்தால் விரல்கள் மீண்டும் நிமிரும், மடங்கும். பிராண்டு இவ்வறுவை முறைகளை வேலூரில் செம்மைப்படுத்தினார்.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால், மணிக்கட்டை அசைத்துப் பழகிய தசை இனி விரலை அசைக்க வேண்டும் என்பதை மூளைக்கு யார் கற்பிப்பது? பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையினர்தாம். மாவுக்கட்டை அவிழ்த்தபின் நாள்தோறும் ஒவ்வொரு விரலாக அசைக்கப் பழக்கி, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நிமிர்கிறது என்று அளந்து எழுதிவைத்தவர்கள் அவர்கள். அக்குறிப்புகளின்றி எந்த முறை பயனளித்தது, எது பயனளிக்கவில்லை என்று அறிந்திருக்க இயலாது. உண்ணவும் உடுக்கவும் எழுதவும் புதிய கையைப் பழக்கினோர் தொழில்வழிச் சிகிச்சையினர்.

பாதத்தின் கதையும் இத்தகையதே. உணர்வற்ற பாதத்தில், நடக்கும்தோறும் ஓரிடத்திலேயே அழுத்தம் விழுவதால் புண் உண்டாகிறது. மாவுக்கட்டிட்டு அழுத்தத்தைப் பரவச் செய்தால் நெடுநாள் ஆறாத புண்ணும் ஆறுவது காணப்பட்டது. மீண்டும் வராமற் காக்க, நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான அடித்தட்டும், அதன்கீழ் உறுதியான தேய்தளமும் கொண்ட செருப்பு வடிவமைக்கப்பட்டது. 1955 இல் கரிகிரியில் தோன்றிய ஆராய்ச்சி நிலையம் இப்பணிகளை வளர்த்தது. அங்கே செருப்புத் தைத்தவரும் மருத்துவப் பணியாளரே அன்றோ!

இவ்வரிசையில் மேரி வர்கீஸ் அம்மையாரையும் நினைவுகூர வேண்டும். வேலூரில் பயின்று பணியாற்றிய இம்மருத்துவர் 1954 இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். முதுகுத்தண்டு முறிந்தோருக்கான மறுவாழ்வு நிலையம் 1966 இல் அங்கே திறக்கப்பட்டது. 1972 இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986 இல் மறைந்தார்.

சீரான கையும் திறவாத கதவும்

கை சீராக்கப்பெற்று ஊர் சென்ற சிலர் மனமுடைந்து திரும்பிவந்தனர் என்பதைப் பிராண்டு பதிவு செய்துள்ளார். முடங்கிய கையை நீட்டியபோது இரக்கப்பட்டுப் பிச்சையிட்டவர்கள், சீரான கையைக் கண்டு கொடுக்க மறுத்தனர். நோயின் தழும்பைக் கண்டு வேலையும் தர மறுத்தனர். தங்க இடமும் கிடைக்கவில்லை. இதனால் வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பு உருவாயிற்று. அங்கே மரவேலையும் பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன. மருத்துவம் கையைத் தரலாம். அக்கைக்கு வேலையும், அம்மனிதருக்கு வீடும் தரவேண்டியது சமுதாயம்.

தொழுநோயாளர் ஒருவரைத் தொட்டுக் குணமாக்கிய இயேசு, அவரைக் குருவிடம் சென்று தம்மைக் காட்டுமாறு பணித்ததை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். நோய் நீங்கிய பின்னும் சமூகம் அவரை ஏற்றுக்கொண்டாலன்றி அக்குணமாக்கல் நிறைவடைவதில்லை என்பது இதில் அடங்கிய பொருள். உலகச் சுகாதார நிறுவனம் 1981 இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்நோயை 6 அல்லது 12 மாதங்களில் தீர்க்கிறது. அரசு சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணமாக வைத்திருந்த சட்டங்கள், கிறித்தவருக்கான மணவிலக்குச் சட்டம் உட்பட, 2019 இல்தான் திருத்தப்பட்டன. சட்டம் திருந்திவிட்டது, நம் உள்ளம் திருந்திற்றா என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்டுக்கொள்ளட்டும். உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே. உணர்வற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் எவருக்கேனும் தோன்றின் மறைக்காது உடனே மருத்துவரிடம் காட்டுக.

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

தொழுநோயாளரின் பாதத்தில் கற்ற பாடம் இன்று நீரிழிவு நோயாளரின் பாதங்களைக் காத்து வருகிறது. நீண்டநாள் நீரிழிவு உள்ளோருக்கும் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. சிறு கொப்புளம் காலையே இழக்கச் செய்யும். ஆதலின் அத்தகையோர் உள்ள வீட்டில் நாள்தோறும் இரவில் ஒருவர் அவர்தம் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். செருப்பணியுமுன் உள்ளே கல்லோ முள்ளோ உண்டா எனத் தடவிப் பார்க்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்குமுன் சூட்டை வேறொருவர் கைவைத்து அறிய வேண்டும். குடும்ப செபமாலை முடிந்தபின் பேரப்பிள்ளை பாட்டியின் பாதத்தைப் பார்ப்பது, பெரிய வியாழனன்று நாம் நிறைவேற்றும் பாதம் கழுவுதலின் தொடர்ச்சியே ஆகும்.

வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவுக்கு நடந்து செல்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தோர் ஆகஸ்டு மாத வெயிலில், தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. வலி தெரியாத காலுக்கு அது தவமன்று, ஆபத்து. அவ்வாறு நேர்ந்துகொண்டவர்கள் தம் பங்குக் குருவை அணுகலாம். தக்க காரணம் இருப்பின் தனிப்பட்ட நேர்ச்சையினின்று விலக்களிக்கவோ, அதனை வேறொரு நற்செயலாக மாற்றித் தரவோ திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் அளித்துள்ளது. பிள்ளையின் காலில் புண் உண்டாவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள். நம் அன்னையும் விரும்பமாட்டார்.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தும் பிள்ளைகளுக்கு இயன்முறைச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை, செயற்கை உறுப்பு அமைத்தல் ஆகிய துறைகளை எடுத்துக்காட்டுங்கள். மருத்துவம் சார்ந்த இத்தகைய பணிகளை முறைப்படுத்த 2021 இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது. இவை இரண்டாந்தரப் பணிகளல்ல.

தொழுகைக்கூடத்தில் கை சூம்பியவரை இயேசு முதலில் நடுவில் வந்து நிற்கச் சொன்னார். அதன்பின்னரே கையை நீட்டப் பணித்தார். ஓரத்தில் ஒதுங்கியிருந்தவர் சபையின் நடுவே வந்த பிறகே குணமடைந்தார். நம் ஆலயத்தின் கடைசித் தூணருகே ஒதுங்கி நிற்பவர் எவரேனும் உண்டா? வருகிற ஞாயிறன்று அவரை முன்னே அழைத்து வந்து, நம் அருகில் அமரச் செய்வோமாக.