ஈர வேரும் செம்மண்ணும்: சிங்கப்பூரின் மலைச் சைக்கிள் பாதைகள்

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமா, கடல்மட்டத்திலிருந்து 163 மீட்டருக்குச் சற்றே மேல் உயர்ந்து நிற்கிறது; இந்த உயரத்துக் கரடுகளைத் தமிழக ஊர்ப்புறங்களில் மலை என்று எவரும் கணக்கில் கொள்வதில்லை. ஆயினும் அக்குன்றைச் சுற்றி அமைந்துள்ள சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச் சைக்கிள் பாதை, சாலையில் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவரையும் முதல் சுற்றிலேயே இறங்கி உருட்ட வைத்துவிடக்கூடியது. மலைச் சைக்கிள் ஓட்டத்தில் உயரம் ஒரு பாதிதான். மறு பாதி, டயருக்கும் தரைக்கும் இடையே எந்த நொடியில் எவ்வளவு பிடிப்பு உள்ளது என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்ற, ஏறத்தாழ 170 மழை நாள்களைக் காண்கின்ற ஒரு தீவில், காலையில் இருந்த பிடிப்பு மாலையில் இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

கரடுமுரடான தடங்களில் ஓட்டுவதற்கென்றே அகலமான டயர், வலுவான சட்டகம், தாழ்ந்த கியர், நம்பத்தக்க பிரேக் ஆகியவற்றுடன் செய்யப்படும் வண்டியே மலைச் சைக்கிள் எனப்படுகிறது. இதன் பிறப்பிடமாகக் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தைக் குறிப்பிடுவது வழக்கம். அங்கே 1976 அக்டோபரில், பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவு ஒன்றில் இறங்கும் பந்தயம் தொடங்கியது. அவ்வண்டிகளில் இருந்தவை, மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்குகள். ஒரே இறக்கத்தில் அவை சூடேறி, சக்கரத்தின் நடுக்குடத்திலுள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும் என்பதால், ஒவ்வொரு முறையும் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ‘மறுபடி அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் பதக்க விளையாட்டாக இடம்பெற்றது. 2010இல் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையர் ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் போட்டி தெம்பனிஸ் வட்டாரத்தில் நடந்தது.

சிங்கப்பூரில் இவ்வோட்டத்துக்கென்று தேசியப் பூங்காக் கழகம் பராமரிக்கும் தடங்களுள் மூன்று முதன்மையானவை. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியை ஒட்டிய பாதை வேரும் பாறையும் நிறைந்தது. 81 ஹெக்டர் பரப்புள்ள செஸ்நட் இயற்கைப் பூங்காவில் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டுள்ளன. அங்கே ‘பம்ப் டிராக்’ எனப்படும், அலையலையாக மண்ணைக் குவித்து அமைத்த சிறு வளையமும் உண்டு. அதில் மிதிக்காமலே, உடலை ஏற்றி இறக்கும் அசைவினால் மட்டும் வண்டியை ஓடவைக்கலாம் என்பதால், பழகுநர் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே. மூன்றாவது, 2008இல் புலாவ் உபின் தீவில் திறக்கப்பட்ட கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா. பழைய கல்குவாரி ஒன்றைச் சுற்றி அதன் 10 கிலோமீட்டர்த் தடம் வளைந்து செல்கிறது. பாதைத் தொடக்கத்தில் காணப்படும் நீலச் சதுரம் நடுத்தரக் கடினத்தையும், ஒற்றைக் கறுப்பு வைரம் கடினத்தையும், இரட்டைக் கறுப்பு வைரம் மிகுந்த கடினத்தையும் குறிப்பவை. பனிச்சறுக்குத் தலங்களிலிருந்து இரவல் வாங்கிய இக்குறிகள், பனியே காணாத தீவில் வந்து நிற்பது சற்று வேடிக்கைதான்.

லிட்டில் இந்தியாவில் வசிப்போருக்குப் புக்கிட் தீமாவுக்கான வழி வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது எனலாம். தேக்கா சந்தையின் முனையில் சிராங்கூன் சாலையைச் சந்திக்கும் புக்கிட் தீமா சாலை, கால்வாய் ஒன்றை நெடுகத் துணைக்கொண்டு, அப்பெயருடைய குன்றை நோக்கியே செல்கிறது. ஒருகாலத்தில் ஃபேரர் பார்க் திடலில் ஓடிய பந்தயக் குதிரைகளும் 1933இல் இதே திசையில்தான் இடம்பெயர்ந்தன; அவை விட்டுச்சென்ற பெயர் ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்றும் நிற்கிறது. ஆனால் பெருவிரைவு ரயிலில் மடக்குச் சைக்கிளை மட்டுமே, அதுவும் மடித்தபின் 120, 70, 40 சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்கினால் மட்டுமே கொண்டுசெல்ல முடியும். ஆகவே மலைச் சைக்கிள் வைத்திருப்பவர் காரில் ஏற்றிச் செல்ல வேண்டும், அல்லது பூங்கா இணைப்புப் பாதைகள் வழியாகவோ சாலை வழியாகவோ ஓட்டிச் செல்ல வேண்டும். சாலையில் தலைக்கவசம் 2019 முதல் கட்டாயம். காட்டுப் பாதையில் அதைக் கழற்றிவிடுவோர், எங்கே அதிகம் தேவையோ அங்கே அதைத் துறக்கிறார்கள்.

வண்டி வாங்கும்போது முதலில் எழும் கேள்வி, முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கி உடையதா, இருபக்கமும் உடையதா என்பது. இருபக்க அதிர்வுதாங்கி வசதியானது, ஆனால் விலையும் எடையும் கூடியது. சேறும் ஈரமும் மிகுந்த நாட்டில் அதன் மூட்டுகளிலுள்ள பேரிங்குகள் விரைவில் துருவேறும். சிங்கப்பூரின் குறுகிய இறக்கங்களுக்கு, முன்சக்கரத்தைத் தாங்கும் கவை 100 முதல் 140 மில்லிமீட்டர்வரை அமுங்கக்கூடிய எளிய வண்டியே பெரும்பாலோருக்குப் போதுமானது; மிஞ்சும் பணத்தை நல்ல டயரிலும் பிரேக்கிலும் செலவிடுவது புத்திசாலித்தனம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத இரண்டு ரப்பர்த் திட்டுகளே வண்டியையும் தரையையும் இணைக்கின்றன. அவை நழுவினால் மற்ற விலையுயர்ந்த பாகங்கள் யாவும் வெறும் சுமையே.

டயரின் காற்றழுத்தத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் கல்லைப்போல் இறுகியிருக்கும் டயர் சாலையில் வேகமாக உருளும்; ஆனால் வேரின்மேல் ஏறும்போது அதன் வடிவத்துக்கு வளைந்து கொடுக்காமல் துள்ளிச் சறுக்கும். காற்றைச் சற்றுக் குறைத்தால், டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டைகள் வேரை அணைத்துக்கொள்கின்றன. மிகவும் குறைத்தாலோ, உள்ளே இருக்கும் டியூப் சக்கர விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளைகள் விழும். இச்சிக்கலைத் தீர்க்க வந்ததே டியூப் இல்லாத டயர்; அதில் சுமார் 70 கிலோ எடையுள்ளவர் முன்சக்கரத்தில் 22, பின்சக்கரத்தில் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கி, தமக்கு ஏற்றபடி ஒன்றிரண்டு அளவு கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். அந்த டயருக்குள் ஊற்றப்படும் அடைப்புத் திரவம், முள் குத்திய துளை வழியே வெளியேறும்போது அங்கேயே உறைந்து ஓட்டையை மூடிவிடும். இத்திரவங்களுள் பல இயற்கை ரப்பர்ப் பாலைக் கொண்டு செய்யப்படுபவை. மலாயாத் தமிழர் கித்தா மரம் என்றும் பால்மரம் என்றும் அழைத்த மரத்தின் அதே பால், கித்தாத் தோட்டங்கள் இருந்து மறைந்த உபின் தீவில் இன்று டயருக்குள் சுழன்று வருகிறது. வெப்பத்தில் அது சில மாதங்களில் வற்றிப்போகும் என்பதால், அவ்வப்போது திறந்து பார்த்து நிரப்ப வேண்டும்.

ஓட்டும் முறையில் அடிப்படை, இறக்கத்தில் உட்காராமல் நிற்பது. இரு மிதிகட்டைகளும் தரைக்குக் கிடைமட்டமாக, முழங்காலும் முழங்கையும் மடங்கி, எடை முழுவதும் பாதங்களில் இறங்கி, கைகள் இலேசாகப் பிடித்திருக்கும் நிலையில், வண்டி கீழே குதித்தாலும் உடல் அதனோடு தூக்கி எறியப்படுவதில்லை. பிரேக்கை ஒரே விரலால் இழுப்பது வழக்கம். எஞ்சிய விரல்கள் கைப்பிடியை விடலாகாது. வேகம் குறையும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் முன்பிரேக்கே வலுவாக நிறுத்துகிறது. அதைக் கண்டு அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் நம்புவோரின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்து செல்ல, வண்டியோ நிற்பதில்லை.

டயரின் பிடிப்பு, மாதச் சம்பளத்தைப் போல் அளவுக்குட்பட்டது. அதை நிறுத்துவதற்குச் செலவிட்டால் திரும்புவதற்கு மிஞ்சாது. எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட்டு, வெளிப்புற மிதிகட்டையைத் தாழ்த்தி அழுத்தி, உடலைவிட வண்டியை அதிகம் சாய்க்க வேண்டும். கண் வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். பயத்தில் மரத்தையே பார்த்துக்கொண்டு செல்பவரின் வண்டி மரத்தையே நாடும்.

புக்கிட் தீமாவில் இவை எல்லாம் ஒருசேரச் சோதிக்கப்படும் இடம் ஈர வேர். பட்டை உரிந்து, ஆயிரம் டயர்கள் தேய்த்து மெருகேற்றிய வேர், மழைக்குப் பின் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். அது பாதைக்குக் குறுக்காகக் கிடந்தால் நேராகக் கடக்கலாம். சாய்வாகக் கிடந்தால், டயர் அதன் நீளவாட்டில் வழுக்கி வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். வேரை நெருங்கும் முன் தேவையான வேகத்தை வைத்துக்கொண்டு, முன்சக்கரத்தைச் சற்றே இலேசாக்கி, முடிந்தவரை செங்கோணத்தில், பிரேக் தொடாமல், மிதிக்காமல், திருப்பாமல் உருண்டு கடப்பதே வழி. உபினில் வேறு வகைச் சோதனை: கருங்கல் உதிர்ந்த பருமணல் இறுகிய தரைமேல் சிதறிக் கிடக்கும்போது, கோலிக்குண்டுகள்மேல் ஓட்டுவதற்கு ஒப்பாகிறது. 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் கொடுத்த அத்தீவின் கடினம், கடைசிக் குவாரி மூடி ஆண்டுகள் பல சென்றும் டயர்களுக்குத் தெரிகிறது.

ஏற்றத்தில் உட்கார்ந்தே ஏறுவது நலம். கியரைச் சரிவு தொடங்கும் முன்பே தாழ்த்திவிட வேண்டும். நடுவில் முழு அழுத்தத்தோடு மாற்றினால் செயின் நெரியும், சில வேளை அறும். சீட்டின் மூக்குப் பகுதிக்கு நகர்ந்து நெஞ்சைத் தாழ்த்தினால் முன்சக்கரம் எழும்பாது, பின்சக்கரமும் சுழன்று வீணாகாது.

கனமழைக்குப் பின் உடனே பாதையில் இறங்குவது பாதைக்கே கேடு. ஊறிய செம்மண்ணில் பூட்டிய சக்கரம் இழுக்கும் பள்ளம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி, வாரங்களில் முழங்கால் ஆழ ஓடையாகும். அதைத் தவிர்க்கப் பின்வருவோர் ஓரமாக ஓட்ட, பாதை அகன்று செடிகளை விழுங்கும். புக்கிட் தீமா வனப்பகுதி 2014 முதல் 2016வரை சீரமைப்புக்காகப் பெரும்பகுதி மூடப்பட்டுக் கிடந்ததை நினைவில் வைத்திருப்போர், ஒரு மாலை ஓட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிப்போடத் தயங்குவதில்லை.

திரும்பியபின் சேறு காயும் முன் வண்டியைக் கழுவுவதும் ஓட்டத்தின் ஒரு பகுதியே. அழுத்தம் மிகுந்த நீர்ப்பாய்ச்சலைப் பேரிங்குகள்மேல் செலுத்தினால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். செயினைத் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே படிந்த மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுத்தால், அடுத்த ஓட்டத்தில் செம்மண் அதில் அரத்தைப்போல் ஒட்டிக்கொண்டு பற்சக்கரங்களைத் தின்னாது.