தூத்துக்குடி வெயிலுக்கு வின்டர் டயர் எதற்கு? சென்சார்தான் முக்கியம்!

ஸ்போர்ட்ஸ் காருக்கு வின்டர் டயர் போடலாமா? அது 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழும் இறுகாத மென்மையான ரப்பர். தூத்துக்குடியில் மார்கழியிலும் அவ்வளவு குளிர் கிடையாது. வெயிலில் சீக்கிரம் தேயும். பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளித்தான் நிற்கும்.

பிரஷர் சென்சார் வேற விஷயம். காத்து குறைந்த டயர், திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கலாம். சென்சார் முன்கூட்டியே டேஷ்போர்டில் எச்சரிக்கும். சென்சார், பங்சர் கிட், டியூப்லெஸ் டயர் இருந்தால், 2020 அக்டோபர் 1 முதல் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஸ்டெப்னி இல்லையென்றால் அந்த மஞ்சள் விளக்கை அலட்சியப்படுத்தாதீங்க.

காலையில் வண்டி எடுக்கும் முன் காத்து செக் பண்ணுங்க. சரியான அளவு டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும். ஓடிய டயரில் சூட்டால் ரீடிங் கூடும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கிடாதீங்க.