வீட்டிலேயே பயிலும் குழந்தைகள்: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், எழுதும் திறனைக் கற்பிப்பது எப்படி?

புதுதில்லி: பெங்களூரு, புணே, மும்பை உள்ளிட்ட நகரங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் உள்ளனர். வரலாறு, அறிவியல் போன்ற பாடங்களில் பின்தங்கினாலும், நன்றாக வாசிக்கத் தெரிந்த குழந்தை அவற்றைப் பின்னர் ஈடுசெய்துவிட முடியும். ஆனால், வாசிக்கவும் எழுதவும் சரியாகக் கற்காத குழந்தைக்கு எல்லாப் பாடங்களும் தடைப்படுகின்றன. எனவே, வீட்டுவழிக் கல்வியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இந்த அடிப்படைத் திறன்களே.

வாசித்தல், எழுத்துக்கூட்டல், எழுதுதல் ஆகிய மூன்றும் ஒரே திறன் அல்ல. ஒன்றில் தேர்ந்த குழந்தை மற்றொன்றில் தடுமாறக்கூடும். மூன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி தேவை.

சட்டம் கூறுவது என்ன?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கூறுகிறது. சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு அதில் தண்டனை ஏதும் குறிப்பிடப்படவில்லை. வீட்டுவழிக் கல்வி பற்றியும் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை.

வீட்டில் பயிலும் பிள்ளைகள் பெரும்பாலும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் (என்ஐஓஎஸ்) வழியாகப் பொதுத் தேர்வு எழுதுகின்றனர். இதன் 10-ஆம் வகுப்புப் படிப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். 8-ஆம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், அப்படிப்பைத் தொடரும் அளவுக்குக் கற்றிருப்பதாகச் சுயசான்று அளித்தாலும் சேரலாம்.

அதாவது, குழந்தைக்கு வாசிக்கவும் எழுதவும் தெரிகிறதா என்பதை 14 வயது வரை வெளியார் எவரும் சோதிக்காமலே போக வாய்ப்பு உண்டு. அந்தப் பொறுப்பு முழுவதும் பெற்றோரையே சார்ந்துள்ளது.

இடையில் பள்ளியில் சேர்க்க நேர்ந்தாலும் இதே நிலைதான். சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பிலேயே குழந்தை சேர்க்கப்படும். 9 வயதில் சேரும் குழந்தை, சரளமாக வாசிக்கும் பிள்ளைகளுடன் அமர வேண்டியிருக்கும். அத்தகைய குழந்தைக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் சட்டம் அளிக்கிறது.

முதலில் பேச்சு, பிறகு எழுத்து

2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளின் மொழிக் கல்வியை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது. வாய்மொழி வளர்ச்சி, சொல்லை அறிதல், வாசித்தல், எழுதுதல் என்பன அவை. வீட்டுக் கல்விக்கும் இந்த வரிசை பொருந்தும்.

குழந்தைக்கு நன்கு புரிகின்ற மொழியில் தொடங்குவது முதல் விதி. வீட்டில் தமிழோ கன்னடமோ பேசும் குழந்தைக்கு ஆங்கில எழுத்துகளை முதலில் கற்பித்தால், புதிய மொழி, புதிய எழுத்து என்ற இரண்டு சுமைகள் ஒரே நேரத்தில் விழுகின்றன. கதை சொல்லுதல், பாடல், விடுகதை ஆகியவற்றுடன் ஒலி விளையாட்டுகளும் இக்கட்டத்தில் உதவும். 'ப' என்ற ஒலியில் தொடங்கும் பொருள்களை வீட்டில் தேடச் சொல்வது ஓர் எளிய வழி.

நான்கு எழுத்துகளில் தொடங்கலாம்

தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. கன்னடத்தில் குழந்தை அறிய வேண்டிய எழுத்து வடிவங்கள் 400-க்கும் அதிகம். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் போல இவற்றைச் சில மாதங்களில் முடித்துவிட இயலாது. முழு எழுத்து அட்டவணையையும் மனப்பாடம் செய்த பிறகே சொற்களுக்குச் செல்வது என்று முடிவு செய்தால், வாசிப்பின் மகிழ்ச்சி மிகவும் தள்ளிப்போகும்.

அதற்கு மாறாக, ப, ட, ம, ர என்ற நான்கு எழுத்துகளையும் புள்ளியையும் அறிமுகப்படுத்தினால், 'படம்', 'மரம்', 'பட்டம்' ஆகிய சொற்களைக் குழந்தை உடனே வாசிக்கும். இந்தியிலும் ந, ல, க, ம என்ற நான்கு எழுத்துகளைக் கொண்டு 'நல்' (குழாய்), 'கமல்' (தாமரை), 'கலம்' (பேனா) ஆகியவற்றை வாசிக்கலாம். பிறகு கால், கொம்பு, சுழி போன்ற குறிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

வாசிப்பு வந்துவிட்டதா?

பலமுறை கேட்ட கதைப் புத்தகத்தைக் குழந்தை 'வாசிப்பது' உண்மையில் மனப்பாடமாக இருக்கலாம். ஆகவே, முன்பு பார்த்திராத ஒரு பத்தியைப் படமின்றிக் கொடுத்துச் சோதிப்பதே சரியான முறை.

மத்திய அரசு 2021 ஜூலை 5 அன்று தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டத்தின்படி, 2-ஆம் வகுப்பின் முடிவில் குழந்தை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்களையும், 3-ஆம் வகுப்பின் முடிவில் குறைந்தது 60 சொற்களையும் புரிந்து வாசிக்க வேண்டும். எனினும், தமிழ், மலையாளம் போன்ற மொழிகளில் சொற்கள் நீளமானவை என்பதால், இந்த எண்ணிக்கையை அப்படியே எல்லா மொழிகளுக்கும் பொருத்த இயலாது. 2022-இல் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வில் மொழிவாரியாகத் தனி அளவுகோல்கள் வகுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பள்ளியில் சேர்த்தால் மட்டும் வாசிப்பு உறுதியாகிவிடுவதில்லை. 'அசர் 2024' அறிக்கையின்படி, ஊரகப் பகுதிகளில் 3-ஆம் வகுப்பு மாணவர்களில் 27.1 சதவீதத்தினரால் மட்டுமே 2-ஆம் வகுப்புப் பாடப்பகுதியை வாசிக்க முடிந்தது. ஆனால், அங்கு அளந்து பார்க்கவேனும் ஓர் ஏற்பாடு உள்ளது. வீட்டில் அதைப் பெற்றோரே செய்தாக வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு நிமிட வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து, தொடர்ந்து மூன்று எளிய கேள்விகள் கேட்டாலே முன்னேற்றம் புலப்படும்.

எழுத்துக்கூட்டல் தனிப் பயிற்சி

வாசிக்கும்போது எழுத்துகள் கண்முன் இருக்கின்றன. எழுதும்போது அவற்றை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். எனவேதான் சரளமாக வாசிக்கும் குழந்தைகூட எழுதும்போது பிழை செய்கிறது.

பிழைகளின் தன்மை மொழிக்கு மொழி வேறுபடும். தமிழில் 'மரம்', 'மறம்' என்றும் 'வலி', 'வளி', 'வழி' என்றும் வரும் ஒலி மயக்கமும், ந, ன, ண குழப்பமும் அதிகம். இந்தியில் 'தின்' (நாள்), 'தீன்' (எளியவர்) என்பதுபோல் குறில், நெடில் மாறினால் பொருள் மாறும். ஆங்கிலத்திலோ 26 எழுத்துகள் சுமார் 44 ஒலிகளைக் குறிக்க வேண்டியிருப்பதால், ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் உள்ளன.

தவறிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதில் கை மட்டுமே உழைக்கிறது. ஒரே வகைப் பிழை வரும் சொற்களைத் தொகுத்து ஒரு வாரம் பயிற்சி அளிப்பதும், பின்னர் அவை இடம்பெறும் இரண்டு வாக்கியங்களைச் சொல்லி எழுதச் செய்வதும் கூடுதல் பயன் தரும். எழுதியதைக் குழந்தையே புத்தகத்துடன் ஒப்பிட்டுத் திருத்துவது நல்லது.

எழுதுவதில் இரண்டு வேலைகள்

கையெழுத்து ஒரு வேலை. சிந்தித்ததை வாக்கியமாக்குவது மற்றொரு வேலை. சிறு குழந்தையிடம் இரண்டையும் ஒருசேர எதிர்பார்த்தால், நிறையப் பேசும் குழந்தையும் ஒரே வரியில் நிறுத்திக்கொள்ளும்.

தொடக்கத்தில் இவற்றைப் பிரித்துவிடலாம். குழந்தை சொல்லச் சொல்லப் பெற்றோர் எழுதி, அதைக் குழந்தையை வாசிக்கச் செய்யலாம். கைக்கு மணல், சிலேட்டு, நான்கு கோடு நோட்டு எனத் தனிப் பயிற்சி தொடரட்டும். கை பழகிய பின் மளிகைப் பட்டியல், தாத்தா பாட்டிக்குக் கடிதம், நாட்குறிப்பு என உண்மையான தேவைக்காக எழுத வைக்கலாம். பொதுத் தேர்வில் பக்கம் பக்கமாகக் கையால் விடையெழுத வேண்டியிருக்கும். புத்தகப் பிரியராக வளர்ந்தும் எழுதிப் பழகாத பிள்ளைக்கு அந்தத் தேர்வறை பெரும் சோதனையாகிவிடும்.

காந்தியின் அனுபவம்

1897-இல் குடும்பத்துடன் டர்பன் சென்ற காந்தியடிகள், பிள்ளைகளை அங்குள்ள பள்ளிகளில் சேர்க்க விரும்பாமல் வீட்டிலேயே கற்பிக்க முயன்றார். ஆனால், அதற்குப் போதிய நேரம் ஒதுக்க இயலவில்லை. பிள்ளைகளின் ஏட்டுக்கல்வி குறைபட்டதையும், அது குறித்து அவர்களுக்கு மனக்குறை இருந்ததையும் 'சத்திய சோதனை'யில் அவர் பதிவு செய்துள்ளார். பண்பும் எளிமையும் வீட்டில் வளரக்கூடும். எழுத்தறிவுக்கு நாள்தோறும் நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. நீண்ட வகுப்புகள் தேவையில்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், எழுதுதல் ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் தவறாமல் ஒதுக்கினாலே நல்ல தொடக்கமாகும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

குழந்தைகள் அனைவரும் ஒரே வயதில் வாசிப்பதில்லை. எனினும், முறையாகக் கற்பித்தும் 8 வயதில் எளிய சொற்களை வாசிக்கத் திணறினால், 'தானாக வந்துவிடும்' என்று காத்திருப்பது சரியன்று. முதலில் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்து, பின்னர் கற்றல் குறைபாடு உள்ளதா என்று குழந்தை மருத்துவர் அல்லது உளவியலாளரிடம் அறிய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தனது பட்டியலில் சேர்த்துள்ளது. உரிய சான்று பெற்றவர்களுக்குப் பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு.

பள்ளியில் ஒரு குழந்தை பின்தங்கினால் ஆசிரியரோ சக மாணவர்களோ கவனிக்கக்கூடும். வீட்டில் கவனிக்கும் கண்கள் பெற்றோருடையவை மட்டுமே. மாதந்தோறும் தேதியிட்டுச் சேர்த்து வைக்கும் ஒரு பக்க எழுத்தும், ஒரு நிமிட வாசிப்புப் பதிவும் குழந்தையின் உண்மை நிலையை உரிய காலத்தில் காட்டிவிடும்.