கிணற்றடி நாற்றம்

நாற்றம் என்னுஞ் சொல்லை வகுப்பிலே கூறினால், மாணவர் மூக்கைப் பொத்திச் சிரிப்பது வழக்கம். பண்டைத் தமிழர்க்கோ அது நறுமணத்தின் பெயர். சொல் இழிந்தது ஒருபுறமிருக்க, அது குறித்த பொருளையும் நம் இல்லங்கள் இழந்து வருகின்றன.

சுன்னாகத்தில் எம் வீட்டுக் கிணற்றடியிலே துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவள்ளி ஆகிய மூன்றும் ஒருங்கே நின்றன. குளித்த நீரே அவற்றுக்குப் பாய்ச்சல். மேலைநாட்டார் தோட்டத்திலும் சமையலிலும் போற்றும் சேஜ் என்னும் செடி இவற்றின் இனமே. சல்வியா என்னும் அதன் தாவரப்பெயர், நலம் எனப் பொருள்படும் இலத்தீன் அடியிற் பிறந்தது. துளசியின் இளந்தண்டை விரலிடையே உருட்டிப் பார்த்தால் நாற்பட்டையாய் இருக்கும். சேஜின் தண்டும் அத்தகையதே.

மல்லிகையின் மணம் காற்றேறித் தானே வந்து நம்மை அடையும். இச்செடிகளின் மணமோ இலைமேலுள்ள நுண்சுரப்பிகளில் அடங்கிக் கிடக்கும், தீண்டினார்க்கே வெளிப்படும். கசக்கிய துளசியிற் கராம்பின் சாயல் தோன்றுவதும் வியப்பன்று. யூஜினோல் என்னும் எண்ணெய்ப்பொருள் இரண்டிலும் உண்டு. ஆதலால் இவற்றைக் கண்காணா மூலையில் நடுதல் வீண். ஆள் நடமாடும் இடத்தில், கை படும்படி நடல் வேண்டும். தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் சேலை உரசி எழுந்த மணமே எம் தாயார் வீட்டுக்கு இட்ட தூபம்.

2014ஆம் ஆண்டளவில் அக்கிணற்றடியில் வேறொரு நாற்றம் எழுந்தது. எம்மூர்க் கிணறுகள் பலவற்றில் எண்ணெய் கலந்த காலம் அது. வாளியை முகர்ந்த அம்மா, “தம்பி, இந்தத் தண்ணியை வாயிலை வையாதை” என்றார். எம் கண்ணுக்கு நீர் தெளிவாகவே இருந்தது. நாள்தோறும் இலைமணத்திற் பழகிய மூக்குக் கண்ணை முந்திக்கொண்டது. கிணற்று வழக்கில் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கப் பணித்தது 2019இலேதான்.

பவுசர்த் தண்ணீருக்குக் காத்துநின்ற அந்நாட்களிலும், அம்மா ஒரு செம்பு நீரைத் துளசிக்கு ஒதுக்கினார். “மனிசருக்கே தண்ணியில்லை” என்று கடிந்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஓரிலை கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

இப்பொழுதெல்லாம் அச்சொல்லைக் கற்பிக்குமுன் மாணவர் கையில் ஒரு துளசியிலையைக் கசக்கக் கொடுக்கின்றேன். எவரும் மூக்கைப் பொத்துவதில்லை.