பழுது ஏசியிலா, கேஜிலா?

புது ஏசிக்கு செப்புக் குழாய் இழுத்தாயிற்று. வேக்கம் பம்ப் அரை மணி நேரமாக ஓடுகிறது. ஆனால் மைக்ரான் கேஜில் எண் 1,800-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. குழாயில் கசிவா, பம்பில் கோளாறா, கேஜே தப்பாகக் காட்டுகிறதா?

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். குழாய்க்குள் அதை 500-க்குக் கீழே இறக்குவது வழக்கம். காரணம், ஈரம். 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 24,000 மைக்ரானிலேயே தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்; அதற்கும் வெகு கீழே போனால்தான் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும். தங்கிவிட்டால் எண்ணெயைக் கெடுத்து அமிலமாக்கி, கம்ப்ரசரின் ஆயுளைக் குறைக்கும்.

முள் உள்ள சாதாரண கேஜ் இதற்கு உதவாது. 5,000-க்கும் 500-க்கும் உள்ள வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும். போதாக்குறைக்கு, அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அளக்கிறது. உதகையில் காற்றழுத்தமே ஏறத்தாழ 23 அங்குலப் பாதரசம்தான். அங்கே எந்தப் பம்பாலும் முள்ளை, முழு வெற்றிடத்தைக் குறிக்கும் 30 அங்குலத்துக்குக் கொண்டுபோக முடியாது.

மைக்ரான் கேஜின் வேர், ஜெர்மனியில் மின்விளக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மார்செல்லோ பிரானி 1906-இல் உருவாக்கிய கருவியில் இருக்கிறது. சூடேற்றிய மெல்லிய கம்பியின் வெப்பத்தை வாயு மூலக்கூறுகள் எடுத்துச் செல்கின்றன. வாயு குறையக் குறைய கம்பி சூடாகவே இருக்கும். அதன் மின்தடையும் மாறும். ஆக, கேஜ் நேரடியாக அளப்பது வெப்ப இழப்பை. அழுத்தம் அதிலிருந்து கணக்கிட்டுச் சொல்வது. சென்சாரில் எண்ணெய் படிந்தால் வெப்பம் வேறு வழியில் போகும். எண் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

எனவே முதலில் கேஜைச் சோதிக்க வேண்டும். ஏசிக்குப் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கேஜை நேராகப் பம்பிலேயே மாட்டுங்கள். எண் 100-க்குக் கீழே விறுவிறுவென்று இறங்கினால் கேஜும் பம்பும் நலம். கோளாறு ஹோஸிலோ குழாயிலோ. இறங்காவிட்டால் பம்ப் எண்ணெயைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்ற வேண்டும். மாற்றியும் பலனில்லையென்றால் கேஜைக் கழுவ வேண்டியதுதான்.

சென்சார் வாயில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, மெதுவாக ஆட்டிக் கவிழ்க்க வேண்டும். அழுக்கில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, நன்றாக உலரவிட வேண்டும். பட்ஸ் விட்டுத் துடைக்கவே கூடாது. உள்ளிருக்கும் சென்சார் உடைந்துவிடும். மாட்டும்போது வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். எண்ணெய் உள்ளே வழியாது. பம்புக்குப் பக்கத்தில் மாட்டினால் பம்பின் இழுப்புதான் தெரியும். தொலைவான முனையில் மாட்டினால்தான் குழாயின் நிலை புரியும்.

கேஜ் சரியென்று தெரிந்தபின், பம்புக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள வால்வை மூடிப் பம்பை நிறுத்தி, பத்து நிமிடம் எண்ணைக் கவனியுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. சற்று ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஈரம்; இன்னும் இழுக்க வேண்டும்.

அடுத்த முறை ஏசி மாட்ட வருபவரிடம் பம்ப் எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்காதீர்கள். வால்வை மூடியபின் எண் எங்கே நின்றது என்று கேளுங்கள்.